ஏழு லட்சம் காதுகளுக்கு ஒரு நிமிடம்

கம்பெனியை ஆரம்பித்த பெரியவர் போய்ச் சேர்ந்து மூன்று நாளாகியும் வாசலில் கால் வைக்க இடமில்லை. படியெல்லாம் பூ. பூவுக்கு நடுவே மெழுகுவத்தி. மெழுகுவத்திக்கு நடுவே, "எங்களுக்குக் காது கொடுத்த தெய்வமே" என்று எழுதிய அட்டைகள். பழுதாகி அலமாரியில் கிடந்த காது மெஷின்களையெல்லாம் தேடி எடுத்து வந்து அவர் படத்துக்கு முன்னால் குவித்திருந்தார்கள். அதில் பாதியையாவது புகார் அக்கா தன் கையால் திறந்து அழுக்கெடுத்து அனுப்பியிருப்பாள். இப்போது அந்தக் குவியலைத் தாண்டித் தாண்டி வேலைக்குப் போகவேண்டியிருந்தது.

இருபத்திரண்டு வருடமாகப் புகார்ப் பிரிவைக் கட்டி மேய்ப்பதால் காவலாளி முதல் கணக்கர் வரை எல்லாருக்கும் அவள் புகார் அக்கா. கம்பெனியில் நானூறு பேர் வேலை பார்த்தார்கள். கம்பெனியின் மெஷினை இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு வேலை பார்த்தது, பெரியவரை விட்டால், அவள் ஒருத்திதான். அதைக் கண்டுபிடித்துவிட்ட ஒரு பத்திரிகைக்காரன் ஓடிவந்து ஒலிவாங்கியை நீட்டினான்.

"மேடம், பெரியவரோட குரல் இன்னும் உங்க காதுல ஒலிக்குதா?"

"தம்பி, என் கால் மேல நிக்கிறீங்க."

அவன் உருகிப்போய்த் தலையாட்டிவிட்டு அதையும் எழுதிக்கொண்டான்.

உள்ளே வந்தால் இன்னும் மோசம். லிஃப்டில் நாலு பேர் நின்றுகொண்டு ஒரு கண்ணால் அழுதார்கள், இன்னொரு கண்ணால் கைபேசியில் பங்கு விலையைப் பார்த்தார்கள். "அவரே போயிட்டாரு, இனிமே இந்தக் கம்பெனி என்ன ஆகும்?" என்று ஒருவன் கேட்டான். "மாப்பிள்ளை பாத்துப்பாரு" என்றான் இன்னொருவன். "மாப்பிள்ளையா!" என்று மூன்றாமவன் ஆரம்பித்துவிட்டு, லிஃப்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு முறை சுற்றிப் பார்த்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

புகார் அக்காவுக்கும் துக்கம்தான். பெரியவரோடு அவள் போட்ட சண்டைகளை எழுதினால் ஒரு அலமாரி கொள்ளாது. மாதத்துக்கு இரண்டு முறையாவது கீழே இறங்கி வந்து, அவள் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வருகிற புகாரையெல்லாம் கேட்பார். கேட்டுவிட்டு அவளைத் திட்டுவார். அவளும் சளைக்க மாட்டாள். இனி அந்த மனிதர் வரமாட்டார் என்பதை நினைத்து ஒரு பாட்டம் அழ அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. விட்டால்தானே! மூன்று நாளாக மெழுகுவத்தி ஊர்வலமும் நினைவுக் காணொளியும் கறுப்புப் பட்டை விநியோகமுமாக எல்லாரும் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

மேசையில் ஒரு தாள் காத்திருந்தது. "இன்று நண்பகல் பன்னிரண்டு மணிக்கு, நிறுவனரின் நினைவாக, உலகெங்கும் இயங்கும் நமது கருவிகள் அனைத்தும் ஒரு நிமிடம் மௌனம் காக்கும். இதில் புகார்ப் பிரிவுக்கு ஆட்சேபணை இல்லை. கையொப்பம்."

மூன்று முறை படித்தாள். காதுதான் அந்தக் காலத்திலேயே போயிற்று, இப்போது கண்ணும் போய்விட்டதோ என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாலாவது முறையும் படித்தாள். பிறகு தாளைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி மூன்று மாடி ஏறினாள். லிஃப்டுக்குக் காத்திருக்கும் பொறுமை இல்லை.

விளம்பரத் தலைவி கறுப்பு உடையில், கறுப்புக் காப்பிக் கோப்பையோடு, ஜன்னல் வழியே கூட்டத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தாள்.

"மௌனம் காக்கும்னா என்ன அர்த்தம்? மெஷினெல்லாம் அணைஞ்சு போகுமா?" என்று கேட்டாள் புகார் அக்கா.

"அணையாதுக்கா. ஒரு நிமிஷம் சத்தம் வராது, அவ்வளவுதான்."

"அதுக்குப் பேருதாம்மா அணையறது."

"நீங்க அப்படிப் பாக்கக் கூடாது. ஏழு லட்சம் காதும் ஒரே நேரத்துல மௌன அஞ்சலி! யோசிச்சுப் பாருங்க, எனக்குச் சொல்லும்போதே புல்லரிக்குது."

"காது கேக்காதவங்களுக்கு மௌன அஞ்சலியா? பொறந்ததுலேருந்து அவங்க அதைத்தான் பண்ணிக்கிட்டு இருக்காங்க. உங்களுக்காகத் தனியா ஒரு நிமிஷம் வேற வேணுமா?"

விளம்பரத் தலைவி அவள் தோளைத் தொட்டு, "துக்கத்துல இருக்கீங்க, புரியுது" என்றாள்.

புகார் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். "முன்கூட்டியே தகவலாவது சொல்வீங்களா?"

"சொன்னா அந்த ஃபீல் போயிடுமே. காதும் காதும் வெச்ச மாதிரி செஞ்சாத்தான் மனசுல தைக்கும்."

"ரோடு கடக்கிறவன் என்ன ஆவான்? குழந்தையைத் தூங்கப் போட்டுட்டு அடுப்படியில நிக்கிறவ என்ன ஆவா? வண்டி ஓட்டறவங்க?"

"ஒரு நிமிஷம்தானேக்கா."

அன்று காலை அந்த வார்த்தையை அவள் இன்னும் ஏழு பேர் வாயிலிருந்து கேட்டாள். சட்டப் பிரிவு, விற்பனைப் பிரிவு, அப்டேட் அனுப்பும் தாடிக்கார இன்ஜினியர், எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையே சொன்னார்கள். ஒரு நிமிஷம்தானே. தாடிக்காரர் மட்டும் குரலைத் தாழ்த்தி, "எனக்கும் மனசு ஒப்பலக்கா. ஆனா மேல சொல்லிட்டாங்க" என்றார். மனசு ஒப்பாத ஆளுக்குப் பொத்தான் மேல் விரல் மட்டும் எப்படி ஒப்புகிறதோ!

அவளுக்கு அந்தச் சின்னவள் ஞாபகம் விடவேயில்லை. போன வாரம்தான் ஒரு அம்மா தன் ஐந்து வயது மகளைக் கூட்டி வந்திருந்தாள். முதல் மெஷின். மாட்டியதும் குழந்தை தன் செருப்புச் சத்தத்தைக் கேட்டுத் திகைத்து நின்றது. பிறகு அறை முழுக்க நடந்து நடந்து அதையே கேட்டுச் சிரித்தது. கிளம்பும்போது திரும்பி வந்து, "இது போயிடுமா?" என்று கேட்டது. "போகாதுடி கண்ணு. நீயா கழட்டினாத்தான் போகும்" என்றாள் புகார் அக்கா. குழந்தை நம்பவில்லை. மூன்று முறை சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போனது.

சும்மா ஒப்புக்குச் செய்த சத்தியம் இல்லை அது. ஒன்பது வயதில், காய்ச்சல் விட்ட ஒரு மத்தியானம், புகார் அக்காவுக்குச் சத்தம் சொல்லாமல் கொள்ளாமல் போயிற்று. அம்மா வாயை அசைக்கிறாள், ஒன்றுமே வரவில்லை. அந்த முதல் நிமிடத்தை அவள் இன்றுவரை மறக்கவில்லை. இன்று பன்னிரண்டு மணிக்கு அந்த நிமிடத்தை அழகாகப் பொட்டலம் கட்டி அந்தக் குழந்தைக்கு அனுப்பப் போகிறார்கள், அதற்குத் தன்னிடமே கையெழுத்துக் கேட்கிறார்கள். நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாப்பிள்ளை பெரிய கூட்ட அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். பெரியவருக்கு ஒரே மகள், அவளைக் கட்டியவர். எட்டு வருடமாகக் கம்பெனியில் இருக்கிறார். மூன்று நாளாகத் தற்காலிகத் தலைவர். கண் சிவந்து, சட்டை கசங்கி, பார்க்கப் பாவமாகத்தான் இருந்தார். எதிரே சுவரளவு திரை. பக்கத்தில் கைபேசி. பெரியவரின் மனைவி அடக்கத்துக்குப் பிறகு யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை என்றும், மாப்பிள்ளை எத்தனை முறை கூப்பிட்டாலும் எடுக்கவில்லை என்றும் கம்பெனி முழுக்கப் பேச்சு. அந்த அம்மாளின் பெயரில்தான் பாதிப் பங்கு. யாரைத் தலைவர் என்று அவர் கை காட்டுவார் என்பது யாருக்கும் தெரியாது.

"சார், இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அக்கா, மாமா இருந்திருந்தா இதைத்தான் விரும்பியிருப்பாரு."

"இருந்திருந்தா எதுக்கு சார் அஞ்சலி?"

மாப்பிள்ளை நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நாளைக்குப் பங்குதாரர் கூட்டம். அவர் இல்லாம இந்தக் கம்பெனியே இல்லைன்னு ஊரெல்லாம் பேசுது. ஏழு லட்சம் காது நம்ம கைக்குள்ள இருக்குன்னு ஒரு நிமிஷம் காட்டிட்டோம்னா, அத்தனை பேரும் வாயை மூடிடுவாங்க."

"அவங்க வாயை மூடறதுக்கு இவங்க காதை மூடணுமா?"

"நீங்க போடலன்னா உங்க உதவியாளர் போடப்போறாங்க. விஷயத்தைப் பெருசாக்காதீங்க."

"போடட்டும். வாசல்ல ஒரு பத்திரிகைக்காரன் காலையிலேருந்து எதையாவது சொல்லுங்கன்னு நிக்கிறான். நான் போய்ச் சொல்றேன்." சார் என்பது தானாக உதிர்ந்து போயிற்று. "தம்பி, உங்க மாமா ஒரு விதி வெச்சிருந்தாரே, தெரியுமா? காதுக்குப் போற எதையும், அதைப் போகச் சொன்னவன் முதல்ல தன் காதுல மாட்டிப் பாக்கணும். எட்டு வருஷமா உங்க பேருக்கு நேரா யாரோதான் டிக் அடிச்சுக்கிட்டு இருக்காங்க. நீங்க ஒரு தடவைகூட மாட்டிப் பாத்ததில்ல. இதையாவது மாட்டிப் பாருங்க. பாத்துட்டு, சரிதான்னு சொன்னீங்கன்னா நானே கையெழுத்துப் போடறேன்."

அவர் மறுக்க வாய் திறப்பதற்குள் கதவருகே கைதட்டல் கேட்டது. விளம்பரத் தலைவி எப்போது வந்து நின்றாளோ! "சூப்பர் ஐடியாக்கா! தலைவரே முதல்ல மௌனத்தை ஏத்துக்கறாரு! அதைப் படம் பிடிச்சுப் போட்டோம்னா..." என்று சொல்லிக்கொண்டே முக்காலிக் கேமராவுக்கு ஆள் அனுப்பிவிட்டாள். தடுக்க வந்ததையே இவர்கள் விளம்பரமாக்கிவிட்டார்களே என்று புகார் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

காது கேட்பவர்களுக்காகவே பெரியவர் செய்துவைத்த சோதனை ஜோடிகள் உண்டு. உள்ளே மெழுகுப் பஞ்சு அடைப்பு, அதன் மேல் கனத்த மூடி, மூடிக்கு வெளியே மெஷின். அதை மாட்டிக்கொண்டால் மெஷின் சொல்வது மட்டும்தான் கேட்கும். மெஷின் வாயை மூடிவிட்டால் இடி விழுந்தாலும் தெரியாது. மாப்பிள்ளைக்கு ஒரு ஜோடி, விளம்பரத் தலைவிக்கு ஒரு ஜோடி. தாடிக்காரர் பக்கத்து அறையிலிருந்து இந்த இரண்டுக்கு மட்டும் அப்டேட் அனுப்புவதாக ஏற்பாடு. அறையின் மைக்கை விளம்பரத் தலைவி அணைத்தாள். கேமராவின் மைக்கையும் அணைத்தாள். "மௌனத்தைப் படம் பிடிக்க மைக் எதுக்கு? அப்புறமா வயலின் சேத்துக்கலாம்" என்றாள்.

பதினொன்று நாலுக்கு மௌனம் ஆரம்பித்தது. மாப்பிள்ளை கண்ணை மூடிக் கைகளைக் கோத்துக்கொண்டார். விளம்பரத் தலைவி அவருக்கு முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் திரும்பி, தலை குனிந்து நின்றாள்.

ஐந்தாவது நொடியில் திரையில் மணி அடித்தது.

வீட்டு அழைப்பு என்றால் தானாக எடுத்துக்கொள்ளும்படி அதை அமைத்திருந்தார்கள். சுவரளவுக்குப் பெரியவரின் மனைவி முகம் வந்தது. மூன்று நாள் அழுது வீங்கிய முகம்.

"மாப்பிள்ளை" என்றார் அந்த அம்மாள். "நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். நான் சொல்றதைக் கேட்டாப் போதும். ஒரு தடவை சொல்லத்தான் எனக்குத் தெம்பு இருக்கு."

புகார் அக்கா எழுந்து ஓடி மாப்பிள்ளையின் தோளைத் தட்டினாள். அவர் கண்ணைத் திறக்காமலே ஈயை விரட்டுவது போலக் கையை வீசினார். மறுபடியும் தட்டினாள். அவர் உதட்டின் மேல் விரலை வைத்து, சும்மா இருங்கள் என்று காட்டினார். கண்ணோரம் நீர் வேறு வழிந்தது. மூடியைப் பிடுங்கினாலும் உள்ளே பஞ்சு அடைத்திருக்கிறதே! அட கடவுளே என்று மேசை மேலிருந்த ரிமோட்டை எடுத்தாள். அதில் நாற்பது பொத்தான். எதை அமுக்கினால் மைக் உயிர் பெறும் என்று அந்தப் பாழாய்ப்போன ரிமோட்டைச் செய்தவனுக்குத்தான் வெளிச்சம். "அம்மா, அவருக்குக் கேக்கல!" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். சத்தம் அந்தப் பக்கம் போகவில்லை, மாப்பிள்ளை முகத்தை விட்டு அந்த அம்மாளின் கண்ணும் நகரவில்லை.

"அவர் மாதிரியே அதை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க" என்று அந்த அம்மாள் லேசாகச் சிரித்தார். "அன்னிக்கு ஆஸ்பத்திரியில அவர் காலைப் பிடிச்சுக்கிட்டு என்னமோ சொன்னீங்களாமே. மெஷினைக் கழட்டி வெச்சிருந்தாங்க, அவருக்குக் கேட்டிருக்காதுன்னு நினைச்சிருப்பீங்க. கேட்டுச்சாம், மாப்பிள்ளை. 'அவன் உதட்டைப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். எல்லாம் கேட்டுச்சுன்னு சொல்லிடு. எனக்குக் கோவம் இல்லன்னு சொல்லிடு'ன்னாரு. அதுக்கப்புறம் அவர் யார்கிட்டயும் பேசல."

புகார் அக்காவின் கை ரிமோட்டின் மேல் அப்படியே நின்றுபோயிற்று.

"அழுங்க, நல்லா அழுங்க. கேட்டுக்கிட்டீங்கல்ல, எனக்கு அது போதும்" என்றார் அந்த அம்மாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திரை அணைந்தது.

மௌனம் முடிந்தது. மாப்பிள்ளை மூடியையும் பஞ்சையும் கழற்றி வைத்து நீண்ட மூச்சு விட்டார். "ஒண்ணும் பயப்படற மாதிரி இல்லையேக்கா. மனசுக்கு இதமாத்தான் இருந்துச்சு" என்றார். அப்புறம்தான் திரையைப் பார்த்தார். அழைப்பு முடிந்தது என்ற எழுத்துக்கு மேலே அவருடைய அத்தையின் படம்.

"அத்தையா? எப்ப?"

"இப்பத்தான்."

"என்னை எழுப்ப வேண்டியதுதானே!"

"ரெண்டு தடவை தட்டினேன் தம்பி. வாய் மேல விரலை வெச்சீங்க."

"என்ன சொன்னாங்க? தலைவர் விஷயமா?"

அவள் கையில் அந்தத் தாள் இன்னும் சுருண்டிருந்தது. முதலில் இதைக் கிழித்துப் போடுங்கள், பிறகு சொல்கிறேன் என்று பேரம் பேசலாம் என ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. தோன்றியதற்கே வெட்கமாயிற்று. கேட்டதை ஒரு எழுத்து விடாமல் சொன்னாள்.

அவர் முகம் என்னவோ ஆயிற்று. "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். சொன்னாள். "இன்னொரு தடவை" என்றார். மூன்றாம் முறையும் சொன்னாள். இருபத்திரண்டு வருடமாகப் புகார் படித்துக் காட்டிய குரல் அது. அந்தக் குரலில் எதைச் சொன்னாலும் பேட்டரி தீர்ந்துபோனதைச் சொல்வது போலத்தான் இருக்கும். அது அவளுக்கே தெரிந்தது.

"அழுதுக்கிட்டே சொன்னாங்களா?"

"நடுவுல ஒரு இடத்துல சிரிச்சாங்க."

"எந்த இடத்துல?"

அந்தச் சிரிப்போடு சொல்லிப் பார்த்தாள். அவள் குரலுக்கு அது வரவில்லை.

மாப்பிள்ளை கேமராப் பக்கம் பாய்ந்தார். "இதுல பதிவாகியிருக்கும்ல? சத்தம் இருக்கும்ல?"

விளம்பரத் தலைவி இன்னும் ஒரு காதில் பஞ்சோடு நின்றிருந்தாள். அதனால் ஊருக்கே கேட்கும்படி, "சார், பிரமாதம்! நிஜக் கண்ணீர்! ஒரு நிமிஷமும் அப்படியே போட்டுடலாம்!" என்று கத்தினாள்.

"சத்தம்! சத்தம் இருக்கா?"

"மைக்கே போடல சார், கவலைப்படாதீங்க!"

அவர் கைபேசியை எடுத்தார். அத்தையின் எண்ணைத் தேடினார். விரல் அதற்கு மேலேயே நின்றது. திருப்பிச் சொல்லுங்கள் என்று எப்படிக் கேட்பது? ஒரு முறைக்குத்தான் தெம்பு என்று சேர்த்து வைத்துக் கொண்டுவந்து கொடுத்தவரிடம், நீங்கள் பேசும்போது நான் விளம்பரத்துக்கு உட்கார்ந்திருந்தேன் என்று எப்படிச் சொல்வது? கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

"நிறுத்துங்க" என்றார்.

"எதை சார்?" என்றாள் விளம்பரத் தலைவி, பஞ்சைப் பிடுங்கிக்கொண்டே. "பன்னெண்டு மணிக்கு எல்லாம் தயார். கூட்டம்கூட..."

"நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைத் தாடிக்காரர் ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும் திரும்பி ஓடினார்.

பன்னிரண்டு மணிக்குப் புகார் அக்கா தன் மேசையில் இருந்தாள். தாடிக்காரர் சரியாக நிறுத்தினாரா, பாதியை நிறுத்தினாரா என்று யாருக்குத் தெரியும்? இந்தக் கம்பெனியில் எதையும் நம்ப முடியாது. கடிகாரத்தையும் தொலைபேசியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வாசலில் ஒலிபெருக்கி வைத்துக் கூட்டத்தை மௌன அஞ்சலி செலுத்தச் சொன்னார்கள். பத்து நொடிகூடத் தாங்கவில்லை. ஒருவனுக்கு இருமல், ஒரு குழந்தைக்கு அழுகை, யாரோ கைபேசியை அணைக்கத் தெரியாமல் தடுமாறுகிறார்கள். அவளுக்கு எல்லாம் கேட்டது. தொலைபேசி ஒரு முறைகூட அடிக்கவில்லை. அந்தச் சின்னவள் இந்நேரம் பள்ளிக்கூட வராந்தாவில் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்து யாரிடமாவது திட்டு வாங்கிக்கொண்டிருப்பாள். அப்பாடா என்று இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு மாப்பிள்ளை வந்தார். எட்டு வருடத்தில் அவர் இந்த அறைக்குள் கால் வைத்தது அதுதான் முதல் முறை. எங்கே உட்காருவது என்று பார்த்தார். புகார் சொல்ல வருகிறவர்களின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒரு புகார் பதியணும்க்கா."

கிண்டலோ என்று நிமிர்ந்து பார்த்தாள். கிண்டல் இல்லை. விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள்.

"எந்தக் காது?"

"ரெண்டும்."

"எப்பலேருந்து கேக்கல?"

"பதினொன்னு நாலுலேருந்து. ஒரு நிமிஷம்."

தட்டினாள். அடுத்த கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடலாமா என்று யோசித்தாள். படிவத்தில் அது இருக்கிறது, எல்லாரிடமும் கேட்கிறோம், இவரிடமும் கேட்கத்தான் வேண்டும்.

"அந்த நேரத்துல எது கேக்காம போச்சு?"

அவர் வாயைத் திறந்தார். பெரிய சத்தம் போட்டு, சின்னப் பிள்ளை போல அழுதார். மூன்று நாளாக அந்தக் கட்டடத்தில் அவள் கேட்ட அத்தனை அழுகையிலும் அவளுக்கு எரிச்சல் வராத அழுகை அது ஒன்றுதான். அவளும் பெரியவரை நினைத்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுகிற எல்லாரிடமும் சொல்கிற வாசகம் ஒன்று அவளிடம் இருந்தது. கவலைப்படாதீங்க, சரி பண்ணிக் கொடுத்துடறோம். அது நாக்கு நுனி வரை வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு, அழுகை கொஞ்சம் அடங்கட்டும் என்று காத்திருந்தாள்.

"இது சரியாகாது தம்பி" என்றாள்.